போலீசுக்கு போன் போட்டால் கதை முடிந்ததா? இக்கால ரோல்பிளே கேமுக்குச் சொந்த விதி எழுதும் வழி

நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, சந்தேகம் வரும் இடத்தில் டைஸ் உருட்டி ஒரு கதையை ஆடுவதுதான் ரோல்பிளே கேம். நான் முதன்முதலாக நடத்திய இக்காலக் கதை பத்தே நிமிடத்தில் படுத்துவிட்டது. பூட்டிக் கிடக்கும் கிடங்கு, உள்ளே யாரோ முனகுகிற சத்தம், வாசலில் நம்பர் பிளேட் இல்லாத வேன். குரலைத் தாழ்த்தி, இருட்டை வர்ணித்து, "இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன். மேசையில் இருந்த நான்கு பேரில் ஒருவன் சாவகாசமாகச் சொன்னான்: "போலீசுக்கு ஒரு போன் போட்டுட்டு வெளியவே நிக்கிறோம்ணே." மற்ற மூவரும் தலையாட்டினார்கள். அவனைக் குறை சொல்ல முடியாது. நிஜத்தில் நானும் அதைத்தான் செய்வேன்.

வாளும் மந்திரமும் உள்ள உலகத்தில் இந்தத் தொல்லை இல்லை. 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்த நாளிலிருந்து இந்த விளையாட்டின் பெரும்பகுதி குகை, புதையல், அரக்கன் என்றே சுற்றி வந்திருக்கிறது. அந்த உலகம் எப்படி இயங்குகிறது என்று யாருக்கும் நேரில் தெரியாது. கதையை நடத்துகிற கேம் மாஸ்டர் சொன்னதுதான் சட்டம். இக்காலக் கதையில் அந்தச் சலுகை கிடையாது. போன் என்ன செய்யும், குண்டு பட்டால் என்ன ஆகும், கண்ணாடியை உடைத்தால் அலாரம் அடிக்குமா என்பதெல்லாம் மேசையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். விதி அதற்கு மாறாக நடந்தால் உடனே உறுத்தும். சொந்த விதி எழுதும் ஆசை இந்த உறுத்தலில்தான் பிறக்கிறது. ஆங்கிலத்தில் விளையாடுகிறவர்கள் இதை ஹோம்ப்ரூ என்பார்கள்.

ஒரு சொல்லைப் பற்றி மட்டும் முன்னமே சொல்லிவிடுகிறேன். கேம் மாஸ்டரை 'நடத்துநர்' என்று எழுதிப் பார்த்தேன். விசில் சத்தம்தான் காதில் கேட்டது. அதனால் கேம் மாஸ்டர் என்றே இருக்கட்டும். டைஸும் அப்படித்தான். 'டி20' என்றால் இருபது முகமுள்ள டைஸ், '2டி6' என்றால் சாதாரண ஆறுமுக டைஸ் இரண்டைச் சேர்த்து உருட்டிக் கூட்டுவது.

முதல் படி: எதையும் தொடாமல் ஆடுங்கள்

ஒரு அடிப்படை விளையாட்டை எடுத்து, அச்சிட்டிருக்கிறபடியே மூன்று நான்கு செஷன் (ஒரு முறை உட்கார்ந்து ஆடுவது ஒரு செஷன்) ஆடுங்கள். புதிதாக வருகிறவர்கள் புத்தகத்தைப் படிக்கும்போதே ஓரத்தில் பென்சிலால் திருத்த ஆரம்பித்துவிடுகிறார்கள். படிக்கும்போது அசட்டுத்தனமாகத் தெரியும் விதி, ஆடும்போது வேறு எதையோ தாங்கிக்கொண்டு நிற்கும். அதைப் பிடுங்கினால் எது சரியும் என்பது ஆடிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

எந்த அடிப்படை என்பது உங்கள் விருப்பம். டி20 பழகியவர்களுக்கு 2002-இல் வந்த டி20 மாடர்ன் இருக்கிறது, இக்காலத்துக்கென்றே எழுதியது. 1 முதல் 100 வரை உருட்டும் சதவீத டைஸ் பிடித்தால் 1981 முதல் இருக்கும் கால் ஆஃப் கதுல்ஹு. 2டி6 வேண்டுமென்றால் 2010-இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டின் வழியில் வந்தவை ஏராளம். இரண்டு விளையாட்டுகளைக் கலந்து மூன்றாவதாக ஒன்று செய்யும் எண்ணம் இருந்தால், தயவுசெய்து இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள்.

இரண்டாவது படி: குறையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

மேசையில் நடந்த ஒன்றை எழுத வேண்டும், உங்கள் அபிப்பிராயத்தை அல்ல. "துப்பாக்கிச் சண்டை யதார்த்தமாக இல்லை" என்பது அபிப்பிராயம். அதை வைத்துக்கொண்டு ஒரு மாதம் குண்டின் வேகம், காற்றின் திசை என்று எழுதிக்கொண்டே போகலாம். "துப்பாக்கியை நெற்றிக்கு நேராக நீட்டினாலும் யாரும் கையைத் தூக்குவதில்லை" என்று எழுதினால் அது நடந்த சம்பவம். விதி வந்த பிறகு கை தூக்குகிறார்களா இல்லையா என்று பார்த்தாலே போதும், பலித்ததா என்று தெரிந்துவிடும்.

எழுதியாயிற்றா? அடுத்து, இதற்கு விதி தேவையா என்று கேளுங்கள். போலீஸ் சிக்கலுக்கு நான் முதலில் ஒரு முழுப் பக்கம் எழுதினேன்: போலீஸ் வர எத்தனை நிமிடம், நம்புவார்களா என்பதற்கு என்ன உருட்டு, இப்படி. எல்லாம் வீண். கடைசியில் அதைத் தீர்த்தது ஒரு கேள்வி. அடுத்த கதை ஆரம்பிக்கும் முன்பே ஒவ்வொருவரிடமும் கேட்டேன்: "உன் கேரக்டர் ஏன் போலீசிடம் போக முடியாது?" ஒருத்தி போலி அடையாளத்தில் வாழ்கிறாள். ஒருவனின் அக்காவே அந்த ஸ்டேஷனில் இருக்கிறாள், அவளைத்தான் சந்தேகப்படுகிறான். பதில் ஒவ்வொன்றும் எனக்கு இனாமாகக் கிடைத்த கதைக்கரு. பேசித் தீர்க்கக்கூடியதற்கு டைஸ் எதற்கு?

மூன்றாவது படி: எண்ணிப் பாருங்கள்

கணக்கு என்றதும் ஓடிவிட வேண்டாம். தாளும் பென்சிலும் போதும். ஆனால் இதைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் பிறகு "ஏன் எல்லாரும் எப்பவும் ஜெயிக்கிறாங்க?" என்று கேட்கிறார்கள்.

டி20-இல் ஒவ்வொரு எண்ணும் விழ 5 சதவீத வாய்ப்பு. ஆகவே உருட்டியதோடு +1 கூட்டினால் வெற்றி வாய்ப்பு 5 சதவீதம் ஏறும். 2டி6 அப்படி இல்லை. மொத்தம் 36 விதமாக விழலாம். அதில் 7 வர ஆறு வழி, 12 வர ஒரே வழி. அபோகலிப்ஸ் வேர்ல்ட் பாணியில் 10 அல்லது மேலே முழு வெற்றி, 7 முதல் 9 வரை ஏதோ விலை கொடுத்து வெற்றி, 6 அல்லது கீழே சங்கடம். கூட்ட ஒன்றுமில்லாதவருக்குச் சங்கடம் வர 42 சதவீதம். +1 இருந்தால் 28. +2 என்றால் 17. +3-இல் வெறும் 8. டி20 பழக்கத்தில் "நல்ல துப்பாக்கி, +2 வெச்சுக்கோ" என்று தாராளமாகக் கொடுத்தீர்களானால், ஏற்கெனவே +1 வைத்திருப்பவர் தோற்பதையே மறந்துவிடுவார். ஒரு விளையாட்டின் +2-ஐ இன்னொன்றுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

இப்போது அந்தத் துப்பாக்கிக்கு வருவோம். டி20 மாடர்னில் பெரும்பாலான கைத்துப்பாக்கிகள் தரும் சேதம் 2டி6, சராசரி 7. கேரக்டரிடம் 40 ஹிட் பாயின்ட் (அடி பட்டால் குறையும் உயிர்க் கணக்கு) இருந்தால், ஆறு குண்டு பட்டால்தான் விழுவான். ஆறு! அப்படியிருக்க எவன் கையைத் தூக்குவான்? எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. அதனால் ஒரு வரம்பு வைத்தார்கள்: ஒரே அடியில் பட்ட சேதம் உங்கள் கேரக்டரின் உடல் வலிமை எண்ணைத் தாண்டினால், தாக்குப்பிடிக்க ஒரு டி20 போட வேண்டும்; இலக்கு 15. தவறினால் ஹிட் பாயின்ட் நேராக -1-க்குப் போய்விடும், ஆள் தரையில்.

படிக்க அருமையாக இருக்கிறது. எண்ணிப் பாருங்கள். வலிமை 10 உள்ளவருக்கு, 2டி6-இல் 11 அல்லது மேலே விழ 36-இல் 3 வழி, அதாவது பன்னிரண்டில் ஒரு குண்டு. வலிமை 11 என்றால் 36-இல் ஒன்றுதான். 12 உள்ளவருக்குச் சாதாரணக் குண்டு வரம்பைத் தாண்டவே தாண்டாது, ஏனென்றால் 2டி6-இல் 13 விழாது. முன்வரிசையில் நின்று சண்டை போடுகிற கேரக்டருக்கு யாராவது 12-க்குக் குறைவாக வைப்பார்களா? ஆக, பயப்பட வேண்டிய ஆளுக்குப் பயமே இல்லை. ஏற்கெனவே மேசைக்கடியில் ஒளிந்திருக்கும் ஆளுக்குத்தான் ஆபத்து.

நான் எண்களைத் தொடவில்லை. என் குறை வாக்கியத்தில் சேதத்தைப் பற்றி ஒன்றுமே இல்லையே! "கை தூக்குவதில்லை" என்பதுதான் பிரச்சினை. எனவே இப்படி எழுதினேன்: கைக்கெட்டும் தூரத்தில், ஏற்கெனவே குறி வைத்துவிட்ட துப்பாக்கி சுட்டால் சேதம் உருட்ட வேண்டாம்; பட்டவரின் ஹிட் பாயின்ட் நேராக 0. அவ்வளவுதான். மற்ற தூரங்களில் பழைய விதியே. அடுத்த செஷனில் கைகள் உயர்ந்தன. கூடவே, ஆட்டக்காரர்கள் ஓடிப்போய் வில்லனின் முதுகில் துப்பாக்கியை வைக்க ஆரம்பித்தார்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றுதான். வில்லனும் கையைத் தூக்கினான். அங்கிருந்து பிறந்த பேரம் பேசும் காட்சி அந்தக் கதையிலேயே சிறந்தது.

நான்காவது படி: எழுதுங்கள், சின்னதாக

அடுத்து போன். இக்காலக் கதையின் பெரிய மந்திரக்கோல் அதுதான். வழி, விளக்கு, கேமரா, நூலகம் எல்லாம் சட்டைப்பைக்குள். என் முதல் வரைவில் பேட்டரி சதவீதம் இருந்தது. அழைப்புக்கு 2, வீடியோவுக்கு 5, டார்ச் எரிந்தால் நிமிடத்துக்கு இவ்வளவு. ஒரே ஒரு காட்சி ஆடினோம். நான்கு பேரும் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கொலைகாரன் மாடிப்படியில் காத்துக்கொண்டு நின்றான்.

பிறகு தி பிளாக் ஹாக் என்ற 2016 விளையாட்டில் வரும் பயன்பாட்டு டைஸை எடுத்துக்கொண்டேன். அங்கே அது தீவட்டிக்கும் அம்புக்கும். போனுக்கு மாற்றி எழுதியது இது:

போன் டைஸ். ஒவ்வொருவர் போனும் டி8-இல் ஆரம்பிக்கும். போனை வைத்து ஒரு காரியம் சாதித்தபின் அந்த டைஸை உருட்டவும். 1 அல்லது 2 விழுந்தால் ஒரு படி இறங்கும்: டி8, டி6, டி4, பிறகு போன் செத்தது. ஏன் செத்தது என்பதைப் போனுக்குச் சொந்தக்காரர் சொல்வார். அரை மணி நேரம் நிம்மதியாக சார்ஜ் போட்டால் ஒரு படி ஏறும்.

இதில் கவனிக்க வேண்டியவை சில. எப்போது உருட்டுவது என்பது தெளிவாக இருக்கிறது: காரியம் முடிந்த பிறகு. முன்பே உருட்டச் சொன்னால் முக்கியமான அழைப்பே போகாமல் கதை முட்டி நிற்கும். செத்ததற்குக் காரணம் ஆட்டக்காரர் கையில் இருப்பதால் பேட்டரியும் சிக்னலும் ஒரே விதிக்குள் அடங்கிவிடுகின்றன. ஒருவன் தன் போன் சாக்கடையில் விழுந்ததாகச் சொல்லிச் சிரிக்க வைத்தான். மீள வழியும் இருக்கிறது.

எண்ணிக்கை? டி8-இல் 1, 2 விழ நான்கில் ஒரு வாய்ப்பு. சராசரி 4 தடவை தாங்கும். டி6 3 தடவை, டி4 2 தடவை. கூட்டினால் 9. துரதிர்ஷ்டசாலிக்கு மூன்றே தடவையில் செத்துப்போக 24-இல் ஒரு வாய்ப்பு. எங்கள் மேசையில் ஒரு செஷனுக்கு ஆறேழு முறைதான் போன் நிஜமாகத் தேவைப்படுகிறது. ஒன்பது சரியாக இருக்கும் என்று நினைத்தேன். தப்புக்கணக்கு. எப்படி என்று கொஞ்சம் கீழே.

விதியை எழுதியதும் சத்தமாகப் படித்துப் பாருங்கள். ஒரே மூச்சில் சொல்ல முடியாவிட்டால் மேசையில் யாருக்கும் நினைவிருக்காது. "சில சமயம்", "பொதுவாக", "கேம் மாஸ்டர் விரும்பினால்" என்று வரும் இடங்களில் எல்லாம் நீங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை என்று அர்த்தம்.

போலீசும் ஒரு விதத்தில் திரும்பி வந்தார்கள். கேரக்டர்கள் போலீசைக் கூப்பிடாவிட்டாலும், சுட்டால் அக்கம்பக்கத்தார் கூப்பிடுவார்களே. அதற்கு பிளேட்ஸ் இன் தி டார்க் விளையாட்டால் பரவலான கடிகாரம் என்ற உத்தி நன்றாகப் பொருந்துகிறது: ஒரு வட்டம், சில கட்டங்கள், ஏதாவது நடந்தால் ஒன்றை நிரப்பு, நிரம்பினால் விளைவு. வட்டத்தை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மேசை நடுவில் வையுங்கள். நான் முதலில் 4 கட்டம் போட்டேன். வேட்டுக்கு இரண்டு, கண்ணாடி உடைந்தால் ஒன்று. இரண்டு வேட்டில் சைரன் கேட்டுவிட்டது. 8 போட்டபோது காட்சி முடிகிற வரை யாரும் வரவில்லை. 6-இல் நின்றது. ஐந்து கட்டம் நிரம்பியதும் மேசையில் ஒரு மௌனம் விழும் பாருங்கள், அதற்காகவே இந்த விதியை வைத்திருக்கிறேன்.

பணத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். மாதச் சம்பளம், வாடகை என்று கணக்கு எழுதுவது வேலைநேரம் முடிந்து விளையாட வந்தவர்களுக்குத் தண்டனை. டி20 மாடர்ன் பணத்தை எண்ணுவதில்லை. வசதிக்கு ஓர் எண் கொடுத்து, பெரிய பொருள் வாங்கும்போது அதைக் கூட்டி உருட்டச் சொல்கிறது. அந்த எண்ணம் போதும். துப்புத் துலக்குவதில் கம்ஷூ விளையாட்டுகளின் வழி எனக்குப் பிடித்தது: கதை நகரத் தேவையான தடயத்துக்கு டைஸ் கிடையாது, சரியான திறமையோடு சரியான இடத்தில் தேடினால் கிடைத்துவிடும். தேடினால் எதுவும் கிடைக்கும் காலத்தில் நடக்கிற கதைக்கு இது இயல்பாகவும் இருக்கிறது.

ஐந்தாவது படி: வெள்ளோட்டம்

முதல் வெள்ளோட்டம் தனியாக. டைஸை எடுத்து இருபது தடவை உருட்டி எழுதிக்கொள்ளுங்கள். பாதி ஓட்டைகள் அங்கேயே தெரியும்.

இரண்டாவது, நண்பர்களோடு ஒரே ஒரு காட்சி. நடந்துகொண்டிருக்கும் பெரிய கதைக்குள் கொண்டுபோகாதீர்கள். மாதக்கணக்காக வளர்த்த கேரக்டர் உங்கள் எழுத்துப்பிழையால் செத்தால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். "இது இன்னிக்கு மட்டும், சரி வரலைன்னா தூக்கிடலாம்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். எல்லா மேசையிலும் விதியில் சந்து தேடும் ஆள் ஒருவர் இருப்பார். அவர்மேல் எரிச்சல்படாமல் வெள்ளோட்டத்துக்கு முதலில் அவரைக் கூப்பிடுங்கள்.

எங்கள் மேசையில் அந்த ஆள் போன் விதியைக் கேட்டுவிட்டு இரண்டு நிமிடம் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "நாலு பேர்கிட்டயும் போன் இருக்குல்ல? மாத்தி மாத்தி யூஸ் பண்ணிக்கலாம்." நான்கு ஒன்பது முப்பத்தாறு. ஒரு செஷனுக்கு ஏழு தேவை, இருப்பு 36. பயமாவது ஒன்றாவது! ஒரு போனுக்குப் போட்ட கணக்கை நான் குழுவோடு ஒப்பிட்டிருக்கிறேன். அன்றே மாற்றினோம்: மொத்தக் குழுவுக்கும் ஒரே போன் டைஸ். ஒருவர் அநாவசியமாக செல்ஃபி எடுத்தால் மற்ற மூவரும் முறைப்பார்கள். விதி சரியானது மட்டுமல்ல, சுவாரசியமாகவும் ஆனது.

முடிந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்காதீர்கள். நண்பர்கள் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். எந்த இடத்தில் விதியை மறந்தோம், எங்கே தாளைப் புரட்டினோம், யார் எப்போது போனை நோண்டினார்கள் (நிஜப் போனை) என்று கேளுங்கள். இரண்டு முறை மறந்துபோன விதி மூன்றாவது முறையும் மறக்கும்.

இக்காலக் கதை நிஜத்துக்கு மிக அருகில் இருப்பதால் இன்னொன்றையும் இந்தக் கட்டத்தில் பேசிவிடுவது நல்லது. அரக்கன் கடித்தால் யாருக்கும் பழைய ஞாபகம் வராது. கார் விபத்தோ ஆஸ்பத்திரி வராந்தாவோ வந்தால் சிலருக்கு வரும். எந்த விஷயம் கதையில் வரவே கூடாது என்று ஆட்டத்துக்கு முன்பே கேளுங்கள். எக்ஸ் எழுதிய ஒரு அட்டையை மேசையில் வைத்து, தொட்டால் காரணம் கேட்காமல் காட்சியை மாற்றிவிடும் பழக்கம் பல மேசைகளில் இருக்கிறது. செலவு ஒரு துண்டுத் தாள்.

ஆறாவது படி: ஒரே தாள்

தேறிய விதிகளை ஒரு தாளின் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பக்கத்தில் தேதியும், எந்தக் குறைக்காக எழுதியது என்ற அந்த ஒற்றை வாக்கியமும் இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து "இது எதுக்குண்ணே?" என்று புதிதாக வருகிறவர் கேட்பார், உங்களுக்கே நினைவிருக்காது.

நண்பர்களைத் தாண்டி வெளியே பகிர நினைத்தால் அடிப்படை விளையாட்டின் உரிமத்தைப் படித்துவிடுங்கள். உதாரணமாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 5.1 அடிப்படை விதி ஆவணம் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு அதன்மேல் நீங்கள் எழுதலாம், விற்கவும் செய்யலாம். எல்லா விளையாட்டும் அப்படி அல்ல. எப்படியானாலும், பிறர் எழுதிய வாக்கியங்களை அப்படியே எடுக்காமல் உங்கள் சொற்களில் எழுதுங்கள்.

எங்கள் தாளில் ஐந்து விதிகளுக்குத்தான் இடம். ஆறாவது வர வேண்டுமானால் ஒன்றை அடிக்க வேண்டும் என்று ஒப்பந்தம். சென்ற முறை அடிபட்டது என் செல்லப்பிள்ளையான கார் துரத்தல் விதி: வேகம், இடைவெளி, திருப்பம் என்று மூன்று எண்கள், ஓட்ட அரை மணி நேரம். அந்த இடத்தில் இப்போது ஏல விதி இருக்கிறது. 1983-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் 007 விளையாட்டில் துரத்துபவரும் தப்புபவரும் "இதைவிடக் கஷ்டமான காரியத்தைச் செய்கிறேன்" என்று ஏலம் கேட்டுக்கொண்டே போவார்கள். ஜெயித்தவர் யார் முதலில் நகர்வது என்று முடிவு செய்யலாம், ஆனால் ஏலம் போன கஷ்டத்திலேயே டைஸ் போட வேண்டும். நாங்கள் அதை டி20-க்கு மாற்றி, 10-இல் ஆரம்பித்து இரண்டிரண்டாக ஏற்றுகிறோம். போன வாரம் ஒருத்தி 18 வரை கேட்டுவிட்டு, டைஸைக் கையில் குலுக்கிக்கொண்டே அரை நிமிடம் போடாமல் உட்கார்ந்திருந்தாள். 4 விழுந்தது. வேன் இப்போது ஆற்றில் இருக்கிறது.